டயர் சைஸ் மாற்றியபின் வண்டி சொன்ன பேச்சு கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அகலமான டயர் போட்டால் வண்டி தரையில் ஒட்டிக்கொண்டு போகும் என்று நம்பித்தான் எல்லோரும் மாற்றுகிறார்கள். போட்டபின் ஸ்டியரிங் நடுங்குகிறது, ரோட்டுப் பள்ளம் போகிற பக்கம் வண்டியும் போகிறது, வளைவில் மூக்கு விரிந்து வண்டி வெளியே போகிறது. உடனே டயரைத் திட்டுவது, அடுத்து அலைன்மென்ட் கடைக்கு ஓடுவது என்பதே வழக்கம். இந்தத் தொல்லைகளில் அகலத்தின் பங்கு குறைவு. அகலத்தோடு சேர்ந்து சத்தமில்லாமல் மாறிய நாலு விஷயங்கள்தான் பெரும்பாலும் காரணம்: டயரின் மொத்த உயரம், ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), காற்றழுத்தம், முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள விகிதம். இந்த நாலையும் காகிதத்தில் எழுதிவிட்டு வண்டியில் கை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கணக்கு, பிறகு காற்று

மொத்த உயரம் கண்டுபிடிக்க ஒரே கணக்குதான். டயர் அகலத்தைப் பக்கச்சுவர் சதவீதத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதோடு கூட்ட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோவில் வந்த 185/60 ஆர்15-ஐ (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் சதவீதம், ரிம் அங்குலம் என்ற வரிசை) எடுத்துக்கொண்டால், பக்கச்சுவர் 111 மி.மீ., இரண்டு பக்கமும் 222, ரிம் 381, மொத்தம் 603 மி.மீ. இதற்குப் பதிலாக இங்கே ஆள் போடுகிற சைஸ்கள்:

195/50 ஆர்16: 601.4 மி.மீ., வித்தியாசம் 0.3 சதவீதம் குறைவு.
205/45 ஆர்16: 590.9 மி.மீ., 2 சதவீதம் குறைவு.
195/55 ஆர்16: 620.9 மி.மீ., 3 சதவீதம் கூடுதல்.

ஒன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இரண்டைத் தாண்டினால் மீட்டர், கியர், ஏபிஎஸ் எல்லாவற்றிலும் அதன் கை இருக்கும். மூன்றுதான் வெளி எல்லை.

அடுத்து, டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இண்டெக்ஸ். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 83 என்றால் 487, 87 என்றால் 545. பழைய எண்ணைவிடக் குறைந்த எண் போட்ட டயரைக் கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். எண் கூடுதலாக இருக்கும் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) டயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது முழு எடையைத் தாங்குவது 42 பிஎஸ்ஐ-யில். சாதாரண டயர் 36-லேயே தாங்கிவிடும். ஆகவே கதவு ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தால், 205/45 ஆர்16 87 எக்ஸ்எல்லுக்கு 35 வைத்தால்தான் பழைய டயர் தாங்கிய எடையை இதுவும் தாங்கும். "பெரிய டயர்தானே, காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும்" என்று 30-க்கு இறக்கி வைத்துவிட்டு, ஸ்டியரிங் மந்தமாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

காற்றை அளப்பது காலையில், வண்டி எடுப்பதற்கு முன். மதுரை வெயிலில் ரிங் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்த டயரில் 4, 5 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். ஏறத்தாழ 6 டிகிரி வெப்பத்துக்கு 1 பிஎஸ்ஐ என்று கணக்கு. உச்சி வெயிலில் பெட்ரோல் பங்கில் நின்று சூடான டயரை 33-க்கு இறக்கினால் மறுநாள் காலையில் 28, 29-தான் நிற்கும். கையில் சொந்தமாக ஒரு கேஜ் இருக்கட்டும். பங்க் மீட்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

80-இலிருந்து 110-க்குள் ஸ்டியரிங் நடுங்குகிறது

டயர் மட்டும் மாற்றியிருந்தால் பேலன்சிங். ரிம்மும் மாற்றியிருந்தால், பேலன்சிங் செய்த கடைக்குத் திரும்பப் போவதற்கு முன் ஹப் (வீல் உட்காரும் நடுக் குமிழ்) வளையத்தைப் பாருங்கள். கடையில் விற்கும் அலாய் ரிம்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தவேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. வைத்து வருகின்றன. போலோவின் ஹப் 57.1 மி.மீ. இடையில் 16 மி.மீ. சந்து. வளையம் போட்டு அதை அடைக்காவிட்டால் வீல் போல்ட்டில் மட்டும் தொங்கும், நடுவில் உட்காராது. பேலன்சிங் மெஷினில் கோன் வைத்துப் பிடிப்பதால் அங்கே எல்லாம் பூஜ்யம் காட்டும். வண்டியில் போட்டால் நடுக்கம் அப்படியே இருக்கும். கடைக்காரர் மேலும் தவறில்லை, மெஷின் மேலும் தவறில்லை.

வளையம் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பதும் முக்கியம். மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் மலிவான பிளாஸ்டிக் வளையம் இளகி வடிவம் மாறிவிடும். போகும்போது சரியாக இருந்து, கொடைக்கானல் இறங்கி வத்தலகுண்டு வந்தபின் நடுக்கம் ஆரம்பித்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி, போர்ஷே போல்ட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பள்ளம். உருண்டை போல்ட்டைக் கூம்புப் பள்ளத்தில் முறுக்கினால் ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டும்தான் உட்காரும். போல்ட்டின் அடியில் பளபளவென்று ஒரே ஒரு வரி தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஓட ஓட அது தளரும். நடுக்கத்துக்கு மேலே போய் வீலே கழலும் ஆபத்து இது. சரியான போல்ட் போட்டு, ஏர் கன்னை ஒதுக்கி வைத்துவிட்டு டார்க் ரென்ச்சில் நட்சத்திர வரிசையில் முறுக்க வேண்டும்: போலோ வகையறாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், போர்ஷே 718-க்கு 160. 50, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு முறை.

ரோட்டுப் பள்ளம் போகிற பக்கம் வண்டியும் போகிறது

லாரி ஓடி ஓடி இரண்டு வாய்க்கால் விழுந்த லேனில்தான் இது தெரியும். அகலமும் தாழ்ந்த பக்கச்சுவரும் கொண்ட டயரின் ஓரம் வளைந்து கொடுக்காது. பள்ளத்தின் சரிவில் ஒரு ஓரம் ஏறியதும் அந்தப் பக்கமே பாரம் விழுந்து ஸ்டியரிங்கைத் திருப்பும். ஓரளவுக்கு இது இந்த டயர்களின் சுபாவம்; முழுக்கப் போகாது. எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

ஆஃப்செட் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை ரிம்மின் ஆஃப்செட் நேரடியாக மாற்றுகிறது. இ.டி. (ரிம்மில் ஆஃப்செட்டைக் குறிக்கும் எழுத்து) 40 இருந்த இடத்தில் 25 போட்டால் அந்தத் தூரம் 15 மி.மீ. மாறும்; சக்கரத்தில் படும் ஒவ்வொரு தட்டும் கைக்கு வரும். "கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் கெத்தா இருக்கும்" என்று ஸ்பேசர் போட்டதன் வட்டி இது. கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 5 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. 10 தாண்டினால் அலைன்மென்ட் எவ்வளவு செய்தாலும் பயனில்லை.

ஆஃப்செட் சரி என்றால் முன் வீல் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். லேசாக வெளிப்பக்கம் பார்க்கும் டோ, பழைய சைஸ் டயரில் மறைந்துகிடந்து இப்போது வெளிப்படும். பூஜ்யத்திலிருந்து சிறிது உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் கடையில் "எல்லாம் கிரீன்ல இருக்கு" என்பதோடு திருப்தி அடையாமல் அச்சிட்ட ரிப்போர்ட் கேட்டு வாங்கி, இடது வலது எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையிலுள்ள ரப்பர்) தேய்ந்திருந்தால் இதெல்லாம் ஒரு வாரம்கூட நிற்காது.

ஒரே பக்கம் இழுக்கிறது

முன் இரண்டு வீலையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு மறுபக்கம் போனால் டயரின் உருவாக்கக் கோளாறு. அதே பக்கம் இருந்தால் வண்டியில். திசைக்குறி போட்ட டயராக இருந்தால் சோதனைக்காகச் சில கி.மீ. மட்டும், வறண்ட ரோட்டில், மெதுவாக. நம் ரோடுகள் நடுவிலிருந்து இடது ஓரம் சரிந்திருக்கும், ஆகவே இடதுபக்க மெல்லிய இழுப்பைப் பிழை என்று எண்ண வேண்டாம். ரிங் ரோட்டில் போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

வளைவில் மூக்கு விரிகிறது, ஸ்டியரிங் திருப்பினாலும் வெளியே போகிறது

சிறுமலை ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திண்டுக்கல்–நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் நாலிலும் அகல டயர் போட்டும் வளைவில் முன்பைவிட மோசமாக விரிகிறதென்றால் வரிசையாக இப்படிப் போங்கள்.

டயர் புதுசா? புது டயரின் மேல் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வழவழப்பு இருக்கும், 8 மி.மீ. ஆழமுள்ள ரப்பர் கட்டைகளும் வளைந்து கொடுக்கும். 200 கி.மீ. ஓடாமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது.

ரப்பரின் ரகம் என்ன? இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: 185 அகலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர், 205 அகலத்தில் நீண்டநாள் உழைக்கும் டூரிங் டயரை வளைவில் தோற்கடிக்கும். ஒரே அழுத்தத்தில், ஒரே எடையில் அகல டயரின் தரைபடும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, அவ்வளவுதான். திருப்பியவுடன் வண்டி சட்டென்று பதில் சொல்வது அந்த வடிவத்தாலும் குட்டையான பக்கச்சுவராலும். பிடிமானம் ரப்பரிலிருந்து வருகிறது. பக்கச்சுவரில் டிரெட்வேர் எண் 400-க்கு மேல் இருந்தால் அதனிடம் ஒட்டுதலை எதிர்பார்க்க வேண்டாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ரிம்மை விட்டுவிட்டு ரப்பரில் போடுங்கள்.

அழுத்தம் சரியா என்பதற்குச் சாக்பீஸ் சோதனை போதும். முன் டயரின் ஓரத்தில், ஓடும் பரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை, மூன்று இடங்களில் குறுக்கே கோடு போடுங்கள். நாலைந்து வளைவு வழக்கமான வேகத்தில் ஓட்டி, நிறுத்த இடமுள்ள பக்கம் ஒதுங்கிப் பாருங்கள். (வளைவுக்குள்ளேயே நிறுத்தாதீர்கள், வாழைத்தார் ஏற்றிய ஜீப்புகள் இறங்கும் ரோடு அது.) ஸ்போர்ட்ஸ் டயர்கள் பலவற்றில் ஓரத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்த முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது. 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். கோடு அழிவது முக்கோணத்துக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டால் காற்று கூடுதல். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு முனை மட்டும், 2 பிஎஸ்ஐ மட்டும்.

ரிம் அகலமும் இங்கே பேசும். 205/45 ஆர்16-க்கு 6.5-இலிருந்து 7.5 அங்குலம் வரை ரிம் வேண்டும். பழைய 6 அங்குல ரிம்மிலேயே ஏற்றினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், ஸ்டியரிங் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். அகல டயர் போட்டும் பழையதைவிட மந்தம் என்ற புகார் பலநேரம் இங்கேதான் முடிகிறது.

பின்பக்கம் நழுவுகிறது, ஈஎஸ்பி (சறுக்கலைத் தடுக்கும் கருவி) விளக்கு காரணமில்லாமல் மின்னுகிறது

பின் சக்கரம் தள்ளும் ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ். அந்த வித்தியாசத்தைக் கெடுப்பதுதான் மிக ஆபத்தான தவறு. போர்ஷே 718 கேமனின் அடிப்படை மாடலில் முன் 235/45 ஆர்18, பின் 265/45 ஆர்18. உயரம் 668.7, 695.7 மி.மீ.; பின் டயர் முன்னதைவிட 4 சதவீதம் உயரம். இந்த சைஸ் உள்ளூர்க் கடையில் இருப்பில் இருக்காது. "18 அங்குலம்தானே சார், அகலமும் அதேதான்" என்று 235/40, 265/35 போட்டால் உயரம் 645.2, 642.7 ஆகிவிடும். 4 சதவீத உயரம் போய்ப் பின் டயர் முன்னதைவிடக் குட்டை. நேர்ரோட்டில் போகும்போதே பின் சக்கரம் வேகமாகச் சுழல்வதாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். நழுவுகிறது என்று நினைத்து பவரை வெட்டும். நிஜமாக நழுவும்போது அதன் கணக்கும் தப்பாகவே இருக்கும். வண்டியின் பின்பக்கமும் தாழ்ந்து சாய்வுக்கோணம் மாறிவிடும்.

அதே வண்டியில் 235/40 ஆர்19, 265/40 ஆர்19 போட்டால் 670.6, 694.6 மி.மீ. விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. எஸ் மாடலுக்குக் கம்பெனியே இதைத்தான் கொடுத்தது. விதி இதுதான்: பின் உயரத்தை முன் உயரத்தால் வகுத்து வரும் எண், பழைய எண்ணிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது.

நாலு வீலும் ஒரே அகலமாக வர முன்பக்கம் மட்டும் அகலம் கூட்டுவதும் இதே வகை. முன் பிடிமானம் கூடி, பின்பக்கம் முதலில் விடும். மழையில் பிரேக் மிதித்தபடி வளைவில் நுழைந்தால் வண்டி சுற்றும். இரண்டு புது டயர் மட்டும் வாங்கினாலும், நாலும் ஒரே சைஸ் வண்டியில், அவை பின்னாலேயே போகட்டும். என்ஜின் எந்தச் சக்கரத்தை இழுத்தாலும் சரி.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நாலின் தேய்மானமும் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் வேலை செய்து சூடாகும்.

திருப்பும்போது, பள்ளத்தில் இறங்கும்போது உரசல்

எங்கே உரசுகிறது என்பதைக் கணக்கே சொல்லும். பழையது 6ஜே (6 அங்குல அகல ரிம்) இ.டி. 38, புதியது 7ஜே இ.டி. 35 என்று வைத்துக்கொள்வோம். ரிம் ஓர் அங்குலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. ஆஃப்செட் 3 குறைந்ததால் வெளியே 15.7, உள்ளே 9.7 மி.மீ. ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் தூண்) டயருக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் போகவில்லையென்றால் உள்பக்க உரசல். முழுக்கத் திருப்பினால் மட்டும் சத்தம் வந்தால் மட்கார்டு லைனர். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் மட்டும் வந்தால் ஃபெண்டரின் மடிந்த உதடு. உதட்டை மடக்கலாம். ஸ்ட்ரட்டில் உரசுவதற்கு வைத்தியமில்லை, ரிம்மைத் திருப்பிக் கொடுங்கள். பிரேக் ஹோஸில் தொட்ட தடம் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

தடக் தடக் என்று முதுகில் அடிக்கிறது, பக்கச்சுவரில் வீக்கம்

மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலத்தில், அந்த 7.3 கி.மீ.யின் ஒவ்வொரு இணைப்பும் எண்ணும்படி கேட்டால், பக்கச்சுவர் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். 111 மி.மீ. இருந்தது 92 ஆகும்போது மெத்தை குறையத்தான் செய்யும். காற்றைக் குறைத்து ஆற்றாதீர்கள். பள்ளத்தில் ரிம் ஓரமும் தாரும் நடுவில் ரப்பரை நசுக்கி உள்நூல் அறும். இரண்டு நாளில் பக்கச்சுவரில் கொழுக்கட்டை போல ஒரு வீக்கம் எழும். அந்த டயர் முடிந்தது, ஒட்டுப்போடவும் முடியாது. ரிம் உள் ஓரம் வளைந்திருக்கிறதா என்று வீலைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மீட்டரும் பிக்கப்பும்

மொத்த உயரம் 3 சதவீதம் கூடினால், பழைய டயரில் மீட்டர் 100 காட்டிய அதே சுழற்சியில் இப்போது 3 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். கம்பெனி மீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் பெரும்பாலும் இரண்டும் சமமாகிவிடும். கியரும் 3 சதவீதம் நீளும், கனமான அலாயும் சேர்ந்தால் இரண்டாவது கியரில் மேடு ஏறுவது சோம்பலாகும். இது கோளாறில்லை, விலை. புது ரிம் வாங்குமுன் பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஐப்பசி மழையில் மிதக்கிறது

அகலம் கூடினால் ஒதுக்கவேண்டிய தண்ணீரும் கூடும். 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த அகல டயர், அதே அளவு தேய்ந்த பழைய ஒல்லி டயரைவிட முன்கூட்டியே மிதக்கும். காற்றுக் குறைவு இதை இன்னும் மோசமாக்கும். வார இறுதியில் மட்டும் எடுக்கும் கார்களில் கட்டை தேயாமலே ரப்பர் இறுகிவிடும். பக்கச்சுவரில் டாட் குறியின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அந்த டயரின் கட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஈர ரோட்டில் நம்ப வேண்டாம்.

ஸ்டெப்னியும் காகிதமும்

புது சைஸ் போட்டவர்கள் டிக்கியில் பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்திருப்பார்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர் பஞ்சரானால், பின் வீல் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் இரண்டு வேறு உயரம் இருந்தால் டிஃபரன்ஷியல் வழிநெடுக உழைக்கும். வேகம் 80-க்குள். வெளி அலாய்க்கு வாங்கிய கூம்பு போல்ட்டைக் கம்பெனி ஸ்டெப்னியில் போடக்கூடாது. பழைய உருண்டை போல்ட் ஐந்தை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிப் பள்ளத்திலேயே வையுங்கள். பிரேக் பெரிதாக்கியவர்கள் 15 அங்குல ஸ்டெப்னி காலிப்பர்மேல் ஏறுகிறதா என்று வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது, இரவில் கப்பலூரில் நின்று பார்ப்பதைவிட.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அதே மாடலின் உயர் வேரியன்டுக்குக் கம்பெனி கொடுத்த சைஸாகப் பார்த்துப் போட்டால், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் டயரைக் குனிந்து படிக்கும்போது கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். டயர் பில்லில் சைஸ், லோடு இண்டெக்ஸ், டாட் எண் மூன்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.